விடுதியில் நான் ஐந்து பேர்

எங்கள் கல்லூரி மகளிர் விடுதிக்குள் போவது சுலபம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. இதை நிர்வாகம் என்றைக்குமே ஒளித்து வைத்ததில்லை. சேர்ந்த அன்றே வார்டன் அம்மா எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, "உங்களைப் பெத்தவங்க எங்கிட்ட என்ன கொடுத்திருக்காங்க தெரியுமா? உங்களையே கொடுத்திருக்காங்க. கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பி ஒப்படைக்கறதுதான் என் வேலை" என்றார். வாடகைக்கு அண்டா எடுத்தவர் பேசுவதுபோல இருந்தது. மூன்று வருஷம் படித்துவிட்டுச் சேர்ந்தபடியே எப்படித் திரும்பிப் போவது என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் வார்டன் அம்மாவின் தலைக்கு மேலே சுவரில், "சந்தேகங்களை அறையிலேயே வைத்துவிட்டு வரவும்" என்று எழுதியிருந்தது.

எழுத்து அங்கே எல்லாச் சுவரிலும் உண்டு. குளியலறையில் "பாடாதே". மாடிப்படியில் "நிற்காதே", ஐந்து படி தள்ளி "ஓடாதே". துணி காயப்போடும் இடத்தில் "வேடிக்கை பார்க்காதே". அங்கே வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாள் நின்று பார்த்தேன். ஈரத் துணியும் அதற்குப் பின்னால் மதில் சுவரும்தான் இருந்தன.

எனக்கு வாய்த்த அறைத்தோழிக்கு எல்லோரும் வைத்த பெயர் கொட்டாவி. எந்த நேரமும் வாய் பிளந்தபடியே இருப்பாள், ஆனால் தங்கமான பெண். எனக்கு முன்னால் எழுந்து குழாயடியில் எனக்கும் சேர்த்து ஒரு வாளி பிடித்து வைப்பாள். நான் காய்ச்சலில் படுத்தபோது தன் போர்வையையும் எனக்குப் போர்த்திவிட்டு, தான் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். விடுதி வாழ்க்கையில் நல்லது என்று சொல்ல எனக்கு இருப்பதெல்லாம் அவள்தான். மற்றதெல்லாம் அந்தப் பெட்டி வந்து பாழாய்ப் போனது.

பெட்டியைச் சொல்வதற்கு முன்னால் என் அக்காவைச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்ததெல்லாம் அவள்தான். நான் விடுதியில் சேர்ந்த பிறகு அவளும் அதே ஊருக்குக் குடிவந்து, விடுதியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தாள். மாமாவுக்குக் கப்பலில் வேலை. அக்காவுக்கு அது நிறைமாதம். மாமாவால் வர முடியாது என்று தெரிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி வந்தா நீ வந்துடணும்டி. எனக்கு வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள். எதற்கும் பயப்படாத அக்கா அப்படிக் கேட்டது எனக்கு என்னவோ செய்தது. நானும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் விடுதி வாசலில் பெட்டியை மாட்டினார்கள்.

அதற்கு முன்னால் வெளியே போகிறவள் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். ஒருத்திக்காக இன்னொருத்தி போடுகிறாள் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு வாட்ச்மேன் அண்ணன் ஆள்களை எண்ணினார். அவர் சாப்பிடப் போகும்போது எண்ணிக்கையும் சாப்பிடப் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கடைசியில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் முன்வந்து, எங்கள் வாயாலேயே எங்களைக் கணக்கெடுக்கும் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆளுக்கு ஒரு பக்கம் விடுதி விதிகளை வாசிக்கச் சொல்லி எங்கள் குரல்களைப் பெட்டிக்குப் பழக்கினார். பெட்டிக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள். வெளியே கிளம்புகிறவள் பெட்டியின் முன்னால் நின்று "போறேன்" என்று சொன்னால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு ஆள் குறையும். "வரேன்" என்றால் பச்சை விளக்கு, ஒரு ஆள் கூடும். வாசலுக்கு மேலே ஒரு பலகையில் உள்ளே எத்தனை பேர் என்ற எண் ஒளிரும். விளக்கு எரிந்தால் வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறக்கவேண்டும். உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் விளக்கு எரியாவிட்டாலும் திறந்துவிடலாம். உள்ளே வருவதை அந்த விடுதி என்றைக்குமே தடுத்ததில்லை.

திறப்பு விழாவுக்குக் கல்லூரி முதல்வரே வந்து நாடா வெட்டினார். பேராசிரியர் பேசினார். "கையெழுத்து பொய் சொல்லும். கண் பொய் சொல்லும். ஆனா ஒரு பொண்ணோட வாயில தானா வர்ற சொல் பொய் சொல்லாது. பெட்டி மத்த எல்லாத்தையும் தள்ளிட்டு கடைசியா வர்ற சொல்லை மட்டும் எடுத்துக்கும். மனுஷங்க மாதிரி இது எதையும் புரிஞ்சுக்க முயற்சி பண்ணாது. அதுதான் இதோட சிறப்பு." முதல்வர் பலமாகக் கை தட்டினார். நாங்களும் தட்டினோம், தட்டாவிட்டால் பெயரை எழுதிக்கொள்வார்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் வகுப்புக்குக் கிளம்பினோம். ஒவ்வொருத்தியாகப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, வீட்டு வாசலில் சொல்லிச் சொல்லிப் பழகியதைச் சொன்னோம்.

"போயிட்டு வரேன்."

பச்சை விளக்கு எரிந்தது. அடுத்தவள் சொன்னாள், பச்சை எரிந்தது. விளக்கு எரிந்துவிட்டதே என்று வாட்ச்மேன் அண்ணனும் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார். எங்களில் ஒருத்திக்கும் வெறும் "போறேன்" வாயில் வரவில்லை. எப்படி வரும்? கிளம்பும்போது அப்படிச் சொன்னதற்காக அம்மாவிடம் அடி வாங்காதவள் எங்களில் யார்? வெறுமனே போகிறேன் என்பது திரும்பி வராதவர்கள் சொல்வது. பேராசிரியருக்கு மட்டும் இது எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை போலிருக்கிறது.

சாயங்காலம் திரும்பி வந்து பெட்டிக்கு முன்னால், "வந்துட்டேன்" என்றோம். அந்தச் சொல் பெட்டிக்குத் தெரியாது. அது சும்மா இருந்தது.

ஆக, காலையில் உள்ளே இருந்த எல்லோரும் உள்ளேயே இருந்தபடி இன்னொரு முறை வந்துவிட்டோம். பலகையில் எண் இரண்டு மடங்காக மின்னியது.

அன்றைக்கு வருகை எடுக்கும்போது வார்டன் அம்மா என் பெயரைக் கூப்பிட்டார். கையைத் தூக்கினேன். திரும்பவும் என் பெயரையே கூப்பிட்டார். திரும்பவும் தூக்கினேன்.

"நீதான் ஏற்கெனவே தூக்கிட்டியே. நீ முதல் ஆள். ரெண்டாவது ஆள் எங்க?"

"அதுவும் நான்தான் மேடம்."

"அதெப்படி நீயா இருக்க முடியும்? உன்னைத்தான் முதல்லயே எண்ணியாச்சே."

எனக்குப் பக்கத்தில் கொட்டாவி வாயைப் பிளந்தாள். அது கொட்டாவியா ஆச்சரியமா என்று தெரியவில்லை. கூடத்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோம், எங்கள் இன்னொருத்திகளில் ஒருத்தியும் இல்லை. ஒரே நாளில் பாதி விடுதியைக் காணோம் என்று வார்டன் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

வாட்ச்மேன் அண்ணன் நல்ல எண்ணத்தில் வாயைத் திறந்தார். "மேடம், நான் என் கண்ணால பாத்தேன். காலைல எல்லாப் புள்ளைங்களும் வெளியதான் போச்சுங்க. யாரும் உள்ள வரல."

"உங்களை யாரு பாக்கச் சொன்னது? பெட்டி சொல்றதைக் கேக்கத்தானே சொன்னோம்?"

பேராசிரியரை வரவழைத்தார்கள். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "பெட்டியில தப்பே இல்ல. இது கற்பனை பண்ணத் தெரியாத சாதனம். இத்தனை பேர் வந்திருக்காங்கன்னா வந்திருக்காங்க. வந்தவங்க எங்கன்னு கண்டுபிடிக்கறது நிர்வாகத்தோட பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

பெட்டி தவறு என்றால் முதல்வர் வெட்டிய நாடாவும் தவறாகிவிடும். அதற்கு வார்டன் அம்மா தயாராக இல்லை. மறுநாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இரண்டாமவர்கள் கிடைக்கும்வரை முதலாமவர்கள் யாரும் விடுதியை விட்டு வெளியே செல்லக்கூடாது. தேர்வுக்குப் படிக்கிற விடுமுறை அன்றுதான் தொடங்கியிருந்தது. எனவே வகுப்பு என்று சொல்லிக்கூட வெளியே போக வழியில்லை. பெரிய பூட்டு ஒன்று வாங்கி வந்து வாசலில் மாட்டினார்கள். அந்தப் பூட்டைப் பார்த்ததும் விரல் விட்டு நாள் எண்ணினேன். அக்காவுக்கு டாக்டர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையா? கட்டில்கள் மறுபடி ஒதுக்கப்பட்டன. என் கட்டிலில் எனக்குப் பாதி, என் இரண்டாமவளுக்குப் பாதி. வார்டன் அம்மா சுற்றி வரும்போது அவளுடைய பாதியில் கால் நீட்டியிருந்தால் திட்டு விழும். "வராதவ இடத்தைப் பிடிச்சா, வர்றவ எங்க படுப்பா?" என்பார். கொட்டாவி சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, "என் கட்டில்ல எனக்கே வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்குடி" என்றாள்.

சாப்பாடு அதைவிட மோசம். கரண்டி பிடித்த சமையல்கார அக்கா முதல் தட்டில் பாதி போடுவார், பக்கத்தில் ஒரு காலித் தட்டில் மீதிப் பாதியைப் போடுவார். சாப்பாட்டு நேரம் முடிந்தும் இரண்டாமவள் வராவிட்டால் அவள் பங்கைக் குப்பையில் கொட்டவேண்டும். எங்களுக்குக் கொடுக்கக்கூடாது, அடுத்தவர் சாப்பாட்டைச் சாப்பிடுவது ஒழுக்கக்கேடு. சமையல்கார அக்கா ஒவ்வொரு வேளையும் கொட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். "பசியோட நிக்கற புள்ள முன்னால நிக்குது. இல்லாத புள்ளைக்கு நான் படையல் போடறேன். எந்தப் பாவத்துக்கு நான் இங்க வேலைக்கு வந்தேனோ!"

இந்த நேரத்தில் முதல்வரிடமிருந்து பாராட்டு வந்து சேர்ந்தது. எங்கள் விடுதியில் தலைக்கு ஆகும் தண்ணீர்ச் செலவும் மின்சாரச் செலவும் பாதியாகக் குறைந்துவிட்டதாம். வேறெந்த விடுதியிலும் இல்லாத சிக்கனமாம். வார்டன் அம்மா அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்க வாசித்துக் காட்டினார். ஒரு முறை போதாதென்று இன்னொரு முறையும் வாசித்தார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. காணாமல் போனவர்களால் விடுதிக்குப் பெயர் கிடைக்கத் தொடங்கிவிட்டால் அவர்களை இனி யார் தேடுவார்கள்?

ஆனாலும் தேடுவதாகக் காட்டிக்கொள்ள வேண்டுமே. வார்டன் அம்மாவும் பேராசிரியரும் ஒரு விசாரணைக் குழுவாக உட்கார்ந்து எங்களை ஒவ்வொருத்தியாக அழைத்தார்கள். என் முறை வந்தது.

"உன் ரெண்டாமவளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் வார்டன் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவளுக்கும் தெரியும் மேடம்."

"மழுப்பாத. கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?"

யோசித்தேன். "நகம் கடிப்பா."

"நீ?"

"நானும் கடிப்பேன்."

வார்டன் அம்மா பேராசிரியரைப் பார்த்தார். "பாத்தீங்களா சார்? சேர்க்கை சரியில்ல. ஒருத்தியைப் பாத்து ஒருத்தி கெட்டுப் போறாங்க."

"யார் யாரைக் கெடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் பேராசிரியர்.

நான் கெஞ்சினேன். என் அக்காவுக்கு நிறைமாதம், எந்த நேரமும் வலி வரலாம், நான் போகவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வார்டன் அம்மா மிகவும் கனிவாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கும் மனசு இருக்கும்மா. ஆனா யோசிச்சுப் பாரு. ரெண்டாமவ ஏற்கெனவே இல்ல. உன்னையும் அனுப்பிட்டா நான் யாரைப் பாதுகாக்கறது? என் வேலையே பாதுகாக்கறதுதான். நீ பத்திரமா இருந்தியா இல்லையாங்கறது அப்புறம். நீ உள்ள இருந்தியான்னுதான் எங்கிட்ட கேப்பாங்க."

தலைவலியோடு அறைக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தெரு. சைக்கிளில் ஒரு ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே போனான். அவன் எங்கே வேண்டுமானாலும் போவான், எவனும் அவனை எண்ணப் போவதில்லை. எனக்கு அழுகையாக வந்தது. கொட்டாவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அக்காவின் போன் ஒரு மத்தியானம் வந்தது. எடுத்ததும் அவள் குரலே சரியில்லை. "வலி வந்துடுச்சுடி. பக்கத்து வீட்டம்மா ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் தனியா இருக்கேன். வந்துடறியா?"

போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடினேன். "ஓடாதே", "நிற்காதே" எல்லாவற்றையும் தாண்டித்தான் ஓடினேன். வாசலில் பூட்டு தொங்கியது. பெட்டி சுவரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அழாதக்கா... இதோ வரேன்."

பச்சை எரிந்தது.

"நீ பல்லைக் கடிச்சுக்கோ, நான் வரேன்!"

மறுபடி பச்சை.

"ஐயோ, அந்தப் பாழாப் போன பெட்டி... ஒண்ணுமில்லக்கா, உங்கிட்ட சொல்லல, நீ பயப்படாத, எப்படியாவது வரேன்!"

வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து என் வாயைப் பொத்தாத குறையாக, "சொல்லாதம்மா! சொல்லச் சொல்ல நீ கூடிக்கிட்டே போற!" என்றார். தலைக்கு மேலே பலகையில் மூன்று பேர் கூடியிருந்தார்கள். நான் வாசலில் ஒருத்தியாக நின்று தவித்துக்கொண்டிருந்தேன், விடுதிக்குள் ஐந்து பேராகிவிட்டேன்.

சத்தம் கேட்டு வார்டன் அம்மா வந்தார், பின்னாலேயே விசாரணைக்கு வந்திருந்த பேராசிரியரும் வந்தார். பலகையைப் பார்த்ததும் வார்டன் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிடும்போல ஆகிவிட்டது.

"ஒருத்தியைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கேன், இப்ப நாலு பேரைக் காணோமா? ஒரே ஆளோட நாலு பேர்! நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மேடம், அக்காவுக்கு வலி வந்துடுச்சு. தனியா இருக்கா. ஒரே ஒரு தடவை கதவைத் திறங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"நாலு பேரை வெளிய விட்டுட்டு, மிச்சம் இருக்கற ஒருத்தியையும் அனுப்பச் சொல்றியா? நாலு பேரும் விதியை மீறி வெளிய தங்கியிருக்காங்க. கிடைச்சா அடுத்த நிமிஷமே அவங்களை விடுதியை விட்டு நீக்கி வாசலுக்கு வெளிய தள்ளலேன்னா நான் வார்டன் இல்ல!"

போனில் அக்கா முனகும் சத்தம் கேட்டது. வார்டன் அம்மா சொன்னது எனக்குள் மெல்ல இறங்கியது. கிடைத்தால் வெளியே தள்ளுவார்கள். கிடைத்தவளை உள்ளே வைத்திருக்க மாட்டார்கள்.

"மேடம்" என்றேன். "மன்னிச்சுக்கங்க. நான் முதல் ஆள் இல்ல. நான்தான் அந்த ரெண்டாமவ."

வார்டன் அம்மாவின் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எத்தனை நாளாகத் தேடிய பெண் கிடைத்துவிட்டாள்! அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் கோபமாக மாறியது. "எங்கடி இருந்த இத்தனை நாளா?"

"வெளிய சுத்திக்கிட்டிருந்தேன் மேடம்."

"முதல் ஆள் எங்க?"

"அவ ரூம்ல படிச்சுக்கிட்டிருக்கா."

"பாரு! அவ படிக்கறா. நீ ஊர் சுத்தற. ஒரே பேரு, ஒரே முகம், குணத்துல எவ்வளவு வித்தியாசம்! அவ அக்காவுக்குப் பிரசவமாம், அப்பவும் அவ விதியை மீறல. உள்ளயே இருக்கா. அதான் வளர்ப்பு!" என்றவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "மத்த மூணு பேர்?"

"அதுவும் நான்தான் மேடம்."

வார்டன் அம்மா பேராசிரியரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் என் அக்கா போனில் இரண்டு முறை அலறினாள். "இருக்கறவளும் காணாமப் போனவளும் ஒரே ஆளா இருக்க முடியாது. ஆனா காணாமப் போனவங்க எல்லாரும் ஒரே ஆளா இருக்கறதுல எந்த முரண்பாடும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அங்கேயே, அப்போதே, நான் விடுதியிலிருந்து நான்கு முறை நீக்கப்பட்டேன். வாட்ச்மேன் அண்ணன் பூட்டைத் திறந்தார். நான் பாய்ந்தேன். பேராசிரியர் குறுக்கே கையை நீட்டினார்.

"பெட்டிகிட்ட சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா எண்ணிக்கை குறையாது. நாலு தடவை."

பெட்டிக்கு முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரு சொல். அக்கா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் கிளம்பும்போது நான் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, "நான் போறேன்டி" என்றுதான் சொன்னாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

"சீக்கிரம்" என்றார் வார்டன் அம்மா.

வாட்ச்மேன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் காதைப் பொத்திக்கறேன்மா. நீ சொல்லு. என் காதுல விழல."

சொன்னேன். "போறேன்." சிவப்பு எரிந்தது. "போறேன்." கண்ணில் தண்ணீர் முட்டியது. "போறேன்." நான்காவது முறை சொன்னது எனக்கே கேட்கவில்லை, ஆனால் பெட்டிக்குக் கேட்டது.

அக்காவுக்கும் கேட்டிருந்தது. போனிலிருந்து, வலிக்கு நடுவிலும் அவள் கத்தினாள். "யாருடி போறா? ஏய்! வாயைக் கழுவுடி! யாருடி போறா?"

"யாரும் போகலக்கா!" என்று தெருவில் இறங்கி ஓடிக்கொண்டே கத்தினேன். "வரேன்! வரேன்! வரேன்!" எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், அங்கே பெட்டி இல்லை.

குழந்தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அக்கா என் கையை எலும்பு நொறுங்கும்படி பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவள் கையிலிருந்து என் கையை எடுத்தேன். சுவரோரம் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் பெண் குழந்தை பிறந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து எனக்குப் புத்தி சொன்னார்கள்.

அதன் பிறகு நான் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். விடுதிக்குத் திரும்ப முயன்று பார்க்காமல் இல்லை. வாசலுக்குப் போனபோது வாட்ச்மேன் அண்ணன் சங்கடத்தோடு நெளிந்தார். "உள்ள விட முடியாதும்மா. நீக்கினது உன்னை. அது மட்டுமில்ல, உள்ள ஏற்கெனவே நீ இருக்க. உன் கணக்கு சரியாயிடுச்சுன்னு வருகையில உன் பேரைக்கூடக் கூப்பிடறதில்ல." என் புத்தகங்களையும் தேர்வுச் சீட்டையும் கொட்டாவி ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டாள். மற்ற பெண்களும் என் வழியில் தப்பிக்கப் பார்த்தார்கள். நான்தான் இரண்டாமவள் என்று வரிசையில் வந்து நின்றார்கள். வார்டன் அம்மா சும்மா விடுவாரா? இரண்டாமவள் என்று சொல்லிக்கொள்பவளுக்கு முதலாமவள் நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்று புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டிவிட்டார். தேர்வு நாள்களில் எல்லோரையும் ஒரே கயிற்றைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார்கள்.

என்னைத் தேர்வு அறையில் எந்த வாத்தியாரும் யாரென்று கேட்கவில்லை. எழுதித் தேறியும் விட்டேன்.

வருஷக் கடைசியில் அக்காவுக்கு அழைப்பு வந்தது. விடுதி விழாவில் அவளுடைய தங்கைக்குச் சிறந்த விடுதி மாணவி என்ற பரிசைக் கொடுக்கப் போகிறார்களாம், வீட்டார் அவசியம் வரவேண்டுமாம். நாங்கள் இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். பெற்றோர் வரிசையில் அக்காவை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் நீக்கப்பட்டவள், குழந்தையோடு வாசலுக்கு வெளியே நின்றேன். ஒலிபெருக்கி வைத்திருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

வார்டன் அம்மா பேசினார். "இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட வெளிய போகல. ஒரு நாள்கூட அதிகமா சோறு கேக்கல. தண்ணியை வீணாக்கல. சத்தம் போட்டுப் பேசல. லைட்டைப் போட்டுட்டுத் தூங்கல. சொந்த அக்காவுக்குப் பிரசவம்னு கேள்விப்பட்டும் இந்த வாசலைத் தாண்டல. நான் இத்தனை வருஷமா வார்டனா இருக்கேன், இப்படி ஒரு பொண்ணை வச்சுக் காப்பாத்தற பாக்கியம் எனக்குக் கிடைச்சதே இல்ல."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் எழுந்தது. யாரும் மேடைக்குப் போகவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்கள்.

"வர மாட்டாங்க" என்று ஒலிபெருக்கியில் முதல்வரின் குரல் கேட்டது. "பாருங்க, என்ன ஒரு அடக்கம்! பரிசு வாங்கக்கூட வெளிய வரல." கைதட்டல் இன்னும் பலமாகக் கேட்டது. பரிசை அக்காவின் கையில் கொடுத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. மாடி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் எங்கள் அறை தெரிந்தது. கொட்டாவி கூடத்தில் கைதட்டிக்கொண்டிருப்பாள், அறையில் விளக்கில்லை. அங்கே என் பெயரோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதாக இத்தனை பேர் நம்புகிறார்களே, உண்மையிலேயே உட்கார்ந்திருந்தால்? அக்கா கூப்பிட்டது அவளுக்கும்தானே கேட்டிருக்கும்? அப்போது அவள் எப்படித் துடித்திருப்பாள்? அவளை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் தப்பித்து ஓடி வந்துவிட்டதுபோல மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழா முடிந்து முதல்வர் தம் காருக்கு வந்தார். வாசலில் குழந்தையோடு நிற்கும் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"யாரும்மா நீ? விடுதியில சேரணும்னு வந்தியா?"

குழந்தையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டேன்.

"சேரணும்னா இன்னைக்குப் பரிசு வாங்கின பொண்ணு மாதிரி இருக்கணும்" என்றார். "இருக்கறதே தெரியக்கூடாது."

என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டு, அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழ ஆரம்பித்தது. முதல்வர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அமைதியா இருக்கச் சொல்லும்மா" என்றார்.

"அழட்டும் சார்" என்றேன்.